தூர் வாரும் வண்டிக்கு முதலில் வழி

சுரங்கத் தண்ணீரைத் தெளிய வைக்கும் குளம் ஒன்றை வரைய உட்காரும்போது என் முதல் கோடு வண்டிப்பாதைக்குத்தான். டேங்கர் லாரி எந்த வாசலில் நுழைந்து எங்கே திரும்பும், நீண்ட கை பொக்லைன் எந்தக் கரையில் நின்றால் குளத்தின் நடுவரை எட்டும், அது நிற்கும் இடத்தில் கரை உள்வாங்காமல் தாங்குமா என்பதெல்லாம் தாளில் ஏறிய பிறகே தண்ணீருக்கு இடம் ஒதுக்குவேன். புதிதாக வேலைக்கு வரும் பொறியாளர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஓட்டம், இரும்பின் அளவு, பரப்பு என்ற வரிசையில் படித்துவிட்டு வந்திருப்பார்கள். அந்தக் கணக்குகள் எல்லாம் தேவைதான். அவற்றை ஒரு மதியப் பொழுதில் போட்டுவிடலாம். குளம் கட்டிப் பல ஆண்டுகள் கழித்து, அதன் அடியில் நிறைந்த சேற்றை யார், எந்த வழியாக, எந்தக் கருவியால் வெளியே எடுக்கப்போகிறார்கள் என்ற கேள்விதான் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் நிலக்கரி வயலில். இங்கே இப்போது நிலக்கரி எடுப்பவர் யாரும் இல்லை. கடலோரத்து ஈசிங்டன் சுரங்கமும் சண்டர்லாந்தின் வியர்மவுத் சுரங்கமும் 1993 இல் மூடப்பட்டன. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான யார்க்ஷயரின் கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது. கரி வெட்டுவது நின்றது. தண்ணீர் இறைப்பது நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. பல நூறு ஆண்டுகளாகத் தோண்டிய சுரங்கங்கள் நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. கரியோடும் அதை ஒட்டிய பாறையோடும் சேர்ந்திருக்கும் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு, காற்றும் ஈரமும் பட்டு, சல்பேட் உப்புகளாகச் சுவரெங்கும் பூத்திருக்கிறது. பம்பு நின்றதும் ஏறி வரும் தண்ணீர் அந்த உப்பை எல்லாம் கரைத்துக்கொண்டு ஒரு நாள் ஆற்றங்கரையில் பீறிடும். பீறிட்ட இடத்திலிருந்து கீழே, ஓடையின் கல்லெல்லாம் காவிப் பூச்சு ஏறிவிடும். பூச்சிப் புழுக்கள் மூச்சுமுட்டிச் சாகும். சால்மனும் டிரவுட்டும் முட்டையிடும் சரளைப் படுகை அடைபட்டுப்போகும். கிழக்கு டர்ஹாமில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கரியடுக்குகளுக்கு மேலே மெக்னீசியச் சுண்ணாம்புப் பாறை படர்ந்திருக்கிறது, அதிலிருந்துதான் மக்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள்.

அதனால் மூடிய சுரங்கங்களின் பழைய குழிகளில் நீர்மூழ்கி பம்புகளை இறக்கி, நிலத்தடி மட்டம் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைக்கிறோம். இந்த வேலையைப் பார்க்கும், 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிலக்கரி ஆணையம், 2024 இல் சுரங்கச் சீரமைப்பு ஆணையம் என்று பெயர் மாறியிருக்கிறது. பிரிட்டன் முழுக்க அதன் பொறுப்பில் சுமார் 80 சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஆலை கிடையாது, ரசாயனம் கிடையாது. குளமும் நாணலும் நேரமும்தான்.

முதல் வேலை குழிவாயிலில் நின்று தண்ணீரைச் சோதிப்பது. ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாது. மேலே வந்த நொடியில் தண்ணீர் தெளிவாக இருக்கும். குடித்தால் இரும்பு ருசிக்கும், அவ்வளவுதான். அதே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் மங்கலாகி மஞ்சளாகி, மாலைக்குள் அடியில் காவி தங்கியிருக்கும். பிராணவாயு இல்லாத ஆழத்தில் பெரஸ் இரும்பாகக் கரைந்திருந்தது, காற்றுப்பட்டதும் பெரிக் இரும்பாகி, கரைய முடியாமல் வெளியே விழுகிறது. அப்படி விழும்போது அமிலத்தை விடுகிறது. அந்த அமிலத்தை வாங்கிக்கொள்ளத் தண்ணீரில் போதிய பைகார்பனேட் காரம் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு மில்லிகிராம் இரும்புக்கு 1.8 மில்லிகிராம் காரம் செலவாகும், கால்சியம் கார்பனேட் கணக்கில். இரும்பைக் காட்டிலும் இரண்டு பங்குக்குமேல் காரம் இருந்தால் வெறும் குளமும் நாணலும் போதும். குறைந்தால் சுண்ணாம்புக்கல், மக்கிய எரு, காரம் கலக்கும் இயந்திரம் என்று வேறு வழி தேட வேண்டும். லாரியில் இரண்டு நாள் கிடந்த பாட்டிலில் காரமும் மாறிவிடும், பி.எச். அளவும் மாறிவிடும். ஆகவே மழையிலும் குளிரிலும் குழிவாயிலேயே ப்யூரெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாக வேண்டும். இதை உதவியாளரிடம் விடாமல் வடிவமைப்பவரே செய்வது நல்லது என்பது என் பிடிவாதம். தண்ணீர் நிறம் மாறும் வேகத்தைக் கண்ணால் பார்த்தவருக்குக் குளத்தின் நீளம் தானாகவே மனதில் வந்துவிடும்.

குழிவாயிலிலிருந்து குளத்துக்கு வரும் குழாயில் காற்றை விடக் கூடாது. விட்டால் குழாய்க்குள்ளேயே காவி படிந்து, விட்டம் சுருங்கி, பம்பு திணறும். குழாயை எப்போதும் நிறைந்து ஓட வைத்து, கடைசியில் ஒரே இடத்தில், திறந்த கான்கிரீட் படிக்கட்டில் மொத்தமாகக் காற்றைக் காட்டுவோம். இந்தப் படிக்கட்டு அருவி பிராணவாயு ஏற்றுவதற்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஒரு மில்லிகிராம் பிராணவாயு 7 மில்லிகிராம் இரும்பை மாற்றும். ஒரு லிட்டர் தண்ணீர் 8 முதல் 10 மில்லிகிராம்வரை பிராணவாயு பிடிக்கும். ஆகவே லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்புவரை ஒரே படிக்கட்டில் சமாளிக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய உதவி கரியமில வாயுவை வெளியேற்றுவது. ஆழத்துத் தண்ணீரில் அது நிறையக் கரைந்திருக்கும். படியில் விழுந்து சிதறும்போது அது பறந்துபோக, பி.எச். ஏறும். பி.எச். ஓர் அலகு ஏறினால் இரும்பு மாறும் வேகம் நூறு மடங்காகும். சிங்கர், ஸ்டம் என்ற ஆய்வாளர்கள் 1970 இல் எழுதிவைத்த விதி இது. அதனால் படிகளைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது கணக்குக் காட்டினால் நான் ஒத்துக்கொள்வதில்லை. படியில் மிச்சம் பிடித்த பணம் குளத்தின் பரப்பாகத் திரும்பி வரும்.

இனிக் கணக்கு. நொடிக்கு 50 லிட்டர் இறைக்கும் ஒரு குழியை எடுத்துக்கொள்வோம், லிட்டருக்கு 25 மில்லிகிராம் இரும்பு. ஒரு நாளைக்கு 4,320 கன மீட்டர் தண்ணீர், அதில் 108 கிலோ இரும்பு. படிவுக்குளத்தில் தண்ணீர் 48 மணி நேரம் தங்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். 8,640 கன மீட்டர் கொள்ளளவு. நொடிக்கு ஒரு லிட்டருக்கு 100 சதுர மீட்டர் என்ற இன்னொரு வழக்கப்படி பரப்பு 5,000 சதுர மீட்டர். இரண்டு குளமாகப் பிரிப்பேன். ஒன்றை வற்ற வைக்கும்போது மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். குளத்தைத் தாண்டி வரும்போது இரும்பு 8 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கும் என்று கொள்வோம். மிச்சத்தை நாணல் படுகை பார்த்துக்கொள்ளும். ஒரு சதுர மீட்டர் படுகை நாளொன்றுக்கு 10 கிராம் இரும்பைப் பிடிக்கும். அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஹெடின், நெய்ர்ன், கிளைன்மன் மூவரும் 1994 இல் வெளியிட்ட அறிக்கை தந்த எண் அது. அதன்படி ஏறத்தாழ 3,500 சதுர மீட்டர். கரை, பாதை, சேறு காயும் படுகை எல்லாம் சேர்த்தால் 4 ஏக்கருக்குக் குறையாது.

இப்போது சேறு. குளத்தில் நாளுக்கு 73 கிலோ இரும்பு விழுகிறது என்றால், ஹைட்ராக்சைடாக மாறிய பின் அதன் காய்ந்த எடை 140 கிலோ. ஆண்டுக்கு 51 டன். இது காய்ந்த எடை. குளத்தின் அடியில் அது காய்ந்து கிடப்பதில்லை. நூறு பங்கில் ஐந்து பங்கு திடப்பொருள், மீதி தண்ணீர். கரைத்த தோசை மாவுபோல் ஓடும். ஆக ஆண்டுக்குச் சுமார் 1,000 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு சேற்றுக்குப் போனால் தூர் வார வேண்டும் என்ற விதியை வைத்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேலை. வரைபடத்தில் அழகான நீலத் திட்டாகத் தெரியும் குளத்துக்குள் இவ்வளவும் ஒளிந்திருக்கிறது.

ஒரு பள்ளத்தாக்கில் இன்னொருவர் வடிவமைத்த குளத்தைப் பார்க்கச் சொல்லி அழைத்தார்கள். வேலைப்பாடு நேர்த்தியானது. வளைந்த கரை, நடுவில் பறவைகளுக்கு ஒரு திட்டு, கரையோரம் மரங்கள். பொக்லைன் நிற்கக் கெட்டியான தரை எங்குமே இல்லை. உள்ளே விரித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பாதுகாப்பு மண் போடாததால் வாளி பட்டால் கிழியும். மிதவை பம்பை இறக்கலாம் என்றால் நடுத்திட்டு குறுக்கே நிற்கிறது. கடைசியில் மரங்களை வெட்டி, கரையை உடைத்துப் பாதை போட்டார்கள். அந்தத் தூர் வாரலுக்கு ஆன செலவில் காயும் படுகை ஒன்றை முதலிலேயே கட்டியிருக்கலாம். வடிவமைத்தவர் திறமையானவர்தான். ஆனால் அவருடைய ஒப்பந்தம் குளம் நிறையும் நாளோடு முடிந்துவிட்டது. சேறு அதற்குப் பிறகுதான் வரும்.

காயும் படுகைக்காக நான் எப்போதும் வாதாடுவேன். மணலும் வடிகுழாயும் போட்ட ஆழமில்லாத தொட்டிகள்தான். அதில் சேற்றை ஊற்றி ஒரு பருவம் விட்டால் தண்ணீர் வடிந்து திடப்பொருள் 30 பங்குக்கு ஏறும். 1,000 டன் 170 டன்னாகிறது. 20 டன் லாரியில் 50 லோடு 9 லோடாகும். ஊர் வழியாக லாரி போகும் தெருவில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காய்ந்த காவிக்குப் பயனும் உண்டு. பென்சில்வேனியாவில் ஹெடினே அதை நிறமியாக விற்றார். கழிவுநீரிலிருந்து பாஸ்பேட்டைப் பிடிக்க ஸ்காட்லாந்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். உயிர்வாயு ஆலைகளில் ஹைட்ரஜன் சல்பைடைக் கட்டுப்படுத்தப் போடுகிறார்கள். எல்லாம் போக மிச்சம் குப்பைக்கிடங்குக்குத்தான், டன்னுக்குக் கட்டணம் கட்டி.

சேற்றைப் பற்றி இன்னொன்று, இதைச் சொல்லாமல் நகர மாட்டேன். தூர் வாரத் தண்ணீரை வடித்த குளத்தின் மேல்பரப்பு வெயிலில் பொருக்குக் கட்டும். வெடிப்பு விட்ட தரையைப் போலவே தெரியும். அதற்குக் கீழே ஆளை விழுங்கும் ஆழத்தில் சேறு. நாயும் குழந்தையும் வேலியைத் தாண்டிவிட முடியும் என்ற எண்ணத்தோடுதான் கரையை வரைய வேண்டும். தண்ணீர் விளிம்பை ஒட்டி முழங்கால் ஆழத்தில் அகலமான ஒரு திண்ணை, அதில் அடர்ந்த நாணல், மேலே வேலி, கயிறு கட்டிய மிதவை வளையம், விழுந்தவர் பிடித்து ஏறக் கரையில் பதித்த வலை. செலவைக் குறைக்கும் கூட்டத்தில் முதலில் வெட்டப்படும் வரி இதுதான். நான் இதில் ஒருபோதும் இறங்கி வந்ததில்லை.

குளத்தின் உள்வாயைப் பற்றித் தனியாகவே எழுதலாம். செவ்வகக் குளத்தின் ஒரு மூலையில் குழாயைக் கொண்டுவந்து விட்டு, எதிர் மூலையில் கலிங்கு வைத்தால், தண்ணீர் மூலைக்கு மூலை நேர்க்கோடாக ஓடிவிடும். மீதிப் பரப்பு சும்மா நிற்கும். அப்படி ஓர் இடத்தில் ஃப்ளோரசீன் சாயத்தை உள்வாயில் ஊற்றிப் பார்த்தோம். தாளில் இரண்டு நாள் என்று இருந்தது. காலையில் ஊற்றிய பச்சை மாலைக்குள் கலிங்கில் தெரிந்தது. எத்தனை ஏக்கர் வெட்டினாலும் இது ஒன்றில் எல்லாம் வீணாகும். அதனால் அகலம் முழுக்க ஒரு வாய்க்கால், அதன் உதடு மட்டம் பிசகாமல். கட்டும்போது மட்டமாக இருக்கும். பழைய சுரங்கத்தின் மேல் கட்டிய எதுவும் ஆண்டுகளில் கொஞ்சம் இறங்கும். சில மில்லிமீட்டர் சாய்ந்தாலே தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும். ஆகவே உதட்டில் திருகால் ஏற்றி இறக்கும் உலோகத் தகடுகள். ஸ்பேனர் ஒன்று போதும், எந்தப் பராமரிப்பு ஆளும் சரிசெய்துவிடுவார்.

பம்பு ஓடும் நேரமும் குளத்தின் வடிவமைப்புக்குள் வரும். மின்கட்டணம் இரவில் குறைவு என்பதால் பகல் ஓட்டத்தை நிறுத்தி இரவில் இரட்டிப்பாக இறைக்கலாம் என்று கணக்கர்கள் சொல்வார்கள். இரட்டிப்பு ஓட்டத்தில் குளத்தில் தங்கும் நேரம் பாதியாகும். அடியில் படிந்ததும் கிளம்பும். அதோடு, குழிக்குள் தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கிறது. மேலே ஓரளவு நல்ல தண்ணீர், கீழே உப்பும் இரும்பும் கனத்தது. வேகமாக இழுத்தால் கீழடுக்கு மேலே வரும், நாம் வடிவமைத்த எண் எல்லாம் பொய்யாகும். ஒரு பம்பு நிலையத்தைக் கவனித்துவந்த முதியவர் பழைய சுரங்கத் தொழிலாளி. நிலவறைகளின் வரைபடத்தை மேசையில் விரித்தபோது, எங்கும் கோடில்லாத ஓர் இடத்தில் விரலை வைத்து, “இங்கே ஒரு வழி இருக்கிறது, நானே நடந்திருக்கிறேன்” என்றார். அவர் சொன்ன பக்கமிருந்துதான் உப்புத் தண்ணீர் வருகிறது என்பதை அடுத்து எடுத்த மாதிரிகள் காட்டின. இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து வரைபடத்தில் குறித்து வைப்பதை ஒவ்வொரு புதிய வேலையிலும் தனி இனமாகச் சேர்க்கச் சொல்கிறேன்.

நாணல் படுகை பற்றி மக்களுக்கு அன்பு அதிகம், குளத்தைக் காட்டிலும். அதன் தொடக்கமும் இயற்கையிலிருந்துதான். 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஒஹையோவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் சுரங்க ஓடை பாசிச் சதுப்புகளுக்குள் புகுந்து வெளியேறும்போது தெளிந்திருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதே பாசியைக் கொண்டுவந்து நட்டார்கள். அது தாங்கவில்லை, சம்பு தாங்கியது. இன்று நாங்கள் நடுவது சம்பும் நாணலும். செடி இரும்பை உறிஞ்சிக்கொள்கிறது என்று பார்வையாளர்கள் நம்புகிறார்கள், உறிஞ்சுவது சொற்பம். தண்டுகள் தண்ணீரை மெதுவாக்கி, காற்றை அடக்கி, நுண்ணிய காவித் துகள் ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன. தண்ணீர் ஒரு சாண் ஆழம் போதும். நட்ட முதல் ஆண்டில் வாத்தும் அன்னமும் குருத்தைத் தின்றுவிடும், வலை கட்டியாக வேண்டும். கரையை மட்டும் தேவைக்குமேல் உயர்த்திக் கட்ட வேண்டும், ஆண்டுதோறும் காவியும் சருகும் சேர்ந்து தரை ஏறிக்கொண்டே வரும். குளிர்காலம் எங்களைப் பெரிதாகப் படுத்துவதில்லை. சுரங்கத் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் வருவதால் வெளியே பனி உறைந்தாலும் படுகை ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு மிகப் பிடித்த படுகை கேட்ஸ்ஹெட் அருகே லாம்ஸ்லியில் இருக்கிறது. கிபிள்ஸ்வொர்த் குழியிலிருந்து இறைத்த தண்ணீரும், கழிவுநீர் நிலையத்திலிருந்து வரும் தெளிந்த நீரும் ஒரே நாணலுக்குள் சேர்கின்றன. ஒன்றின் இரும்பு மற்றதன் பாஸ்பேட்டைப் பிடிக்கிறது. கரையில் நின்று நிமிர்ந்தால் மேட்டில் ஆன்டனி கோர்ம்லியின் ‘வடக்கின் தேவதை’ சிற்பம். பழைய சுரங்கத்தின் குளியலறைகள் இருந்த இடத்தில் 1998 இல் நிறுத்தியது, 20 மீட்டர் உயரம், துரு நிறத்திலேயே இருக்கும்படி தேர்ந்த எஃகு. மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். சிற்பத்தைப் படமெடுத்து முடித்தபின் கால் பக்கத்து வாய்க்காலைப் பார்ப்பார்கள், அதே நிறம். பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குவேன்.

புதிய திட்டம் என்றால் ஊர்க் கூட்டம் உண்டு. நாற்றம் வருமா, கொசு வருமா, வீட்டு விலை இறங்குமா என்பார்கள். ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, இது எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார். நல்ல கேள்வி. நியூகாசிலில் ஆய்வாளர் பால் யங்கர் இதைத்தான் ஆராய்ந்து சொன்னார்: சுரங்கம் நிறைய எத்தனை ஆண்டு எடுத்ததோ, ஏறத்தாழ அதைப்போல் நான்கு மடங்கு காலத்தில், சுவரில் பூத்த பழைய உப்பு கழுவப்பட்டு இரும்பு இறங்கும். 10 ஆண்டில் நிறைந்தால் 40 ஆண்டு. டர்ஹாமின் ஹார்டன் சுரங்கத்தில் இந்த இறக்கம் எங்களுக்கு உதவியது. 2004 இல் சுண்ணாம்பு கலந்து ஆலையில் சுத்தம் செய்யத் தொடங்கிய தண்ணீரை 2011 இலிருந்து குளமும் நாணலும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் இரும்பு சுழியத்துக்கு இறங்காது. மட்டம் ஏறி இறங்கும் மேற்பகுதியில் காற்றுப்படும் பைரைட் புதிதாக அமிலம் தந்துகொண்டே இருக்கும், பல தலைமுறைக்கு. அந்த அம்மாவிடம் இதை அப்படியே சொன்னேன். “அப்போ என் பேரன் காலத்திலும் இருக்கும்” என்றார். இருக்கும் என்றேன்.

அந்த இடத்துக்கு நிலச் சொந்தக்காரர் 25 ஆண்டுக் குத்தகை தர முன்வந்திருந்தார், வாடகையும் குறைவு. வடிவமைப்பு அறிக்கையின் முதல் பக்கத்தில், படத்துக்கும் கணக்குக்கும் முன்னால், நிலத்தை விலைக்கு வாங்க வேண்டும் என்றும், மூன்றாவது குளத்துக்கும் இன்னொரு காயும் படுகைக்குமாகப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு ஏக்கரையும் சேர்த்து வாங்க வேண்டும் என்றும் எழுதினேன். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு இரண்டையும் வாங்கினார்கள். புல்வெளியில் இப்போதைக்கு ஆடு மேய்கிறது.